உடைத்தது 400, காப்பாற்றியது 120

1915-ஆம் ஆண்டு, நவம்பர் 9. அண்டார்டிகாவின் வெட்டல் கடலில் மிதந்துகொண்டிருந்த ஒரு பனிப்பாளத்தின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் தகரப் பெட்டிகள். அவற்றுக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கண்ணாடி நெகடிவ்கள். அந்தக் காலத்தில் பெரிய கேமராக்களில் பெரும்பாலும் பிலிம் கிடையாது. மருந்து பூசிய கண்ணாடித் தட்டில்தான் படம் விழும்.

இருவரும் ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பார்த்தார்கள். "இது வேண்டும்" என்றால் பெட்டிக்குள் போகும். "வேண்டாம்" என்றால் அந்த இடத்திலேயே உடைக்கப்படும். சும்மா ஓரமாக வைத்தால் என்ன, ஏன் உடைக்க வேண்டும்? வைத்தால் மறுபடி ஆசை வரும், போய் எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆசையே வரக்கூடாது என்றுதான் உடைத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் சுமார் 400 தட்டுகள் தூள். மிஞ்சியது சுமார் 120.

ஒருவர் பயணத்தின் தலைவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன். இன்னொருவர் அந்தப் படங்களை எடுத்த ஃபிராங்க் ஹர்லி. ஒரு வருட உழைப்பைத் தன் கையாலேயே உடைத்த அந்த மனிதனின் கதை, திட்டமிட்டபடி எதுவுமே நடக்காத ஒரு புகைப்பட வேலையின் கதை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதே கதைதான். ஆனால் கடைசியில் அந்தக் குரங்குதான் விலைபோனது!

போட்ட திட்டம் என்ன?

தென் துருவத்தை நார்வேக்காரர் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்றே தொட்டுவிட்டார். முதல் ஆள் என்ற பெருமை போய்விட்டது. மிச்சம் இருந்த பெரிய வேலை ஒன்றே ஒன்றுதான். அண்டார்டிகாவை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் துருவம் வழியாக நடந்தே கடப்பது, ஏறக்குறைய 1,800 மைல். ஷாக்கிள்டன் அதைக் கையில் எடுத்தார்.

பணம்? பிரிட்டிஷ் அரசு 10,000 பவுண்டு கொடுத்தது. டட்லி டாக்கர் என்ற தொழிலதிபர் 10,000. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துச் சணல் ஆலை முதலாளி ஜேம்ஸ் கேர்ட் 24,000. (டண்டீ ஆலைகளுக்குச் சணல் போனது நம் வங்காளத்திலிருந்து என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) அப்படியும் போதவில்லை.

இங்கேதான் ஷாக்கிள்டனின் வியாபார மூளை வேலை செய்தது. பயணத்தைப் பற்றி எடுக்கப்போகும் சினிமாவுக்காகவே ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தார். செய்தி உரிமையைப் பத்திரிகைக்கு விற்றார். அதாவது ஒரு அடி பிலிம்கூட ஓடுவதற்கு முன்பே, படத்தை அடகு வைத்துப் பணம் வாங்கியாகிவிட்டது! இன்று பூஜை போட்ட அன்றே ஏரியா விற்கிற தயாரிப்பாளர்கள் செய்வதும் இதுதானே.

சரி, பணம் போட்டவர்களுக்கு நம்பிக்கை தர நல்ல கேமராக்காரர் வேண்டுமே. அங்கே வருகிறார் ஹர்லி.

தவணையில் கேமரா வாங்கிய பையன்

ஃபிராங்க் ஹர்லி 1885-இல் சிட்னியில் பிறந்தவர். 13 வயதில் வீட்டை விட்டு ஓடி, ஒரு இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் கேமராவைத் தவணையில் பணம் கட்டி வாங்கினார். பிறகு சிட்னியில் பட அஞ்சல் அட்டை வியாபாரம். 1911-இல் டக்ளஸ் மாசனின் அண்டார்டிகா பயணத்தில் இடம் கிடைத்தது. அங்கே பனிப்புயலில் அவர் எடுத்த சினிமாவைப் பார்த்துத்தான் ஷாக்கிள்டனின் பக்கத்தார் "இவரே வேண்டும்" என்றார்கள்.

ஆக, ஹர்லி செய்ய வேண்டிய வேலை தெளிவாக எழுதப்பட்டிருந்தது. கப்பல் கரை சேர்வது, நாய் வண்டிகள் புறப்படுவது, வெற்றி, கொடி. கூடவே பென்குயின், சீல், திமிங்கலம். இவைதான் விற்ற சரக்கு.

"எண்டியூரன்ஸ்" கப்பல் 1914 டிசம்பர் 5 அன்று தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து 28 பேருடன் கிளம்பியது. 1915 ஜனவரி மூன்றாம் வாரத்தில், இறங்க வேண்டிய கரைக்கு ஏறக்குறைய ஒரு நாள் தூரம் இருக்கும்போது, சுற்றிலும் பனி இறுகிக் கப்பலைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தக் கப்பல் தானாக ஓடவே இல்லை.

அந்தக் கரையில் ஒருவர்கூடக் கால் வைக்கவில்லை. அண்டார்டிகாவைக் கடக்கப் போன பயணம், அண்டார்டிகாவைத் தொடவே இல்லை.

சரக்கு இல்லாத கடை

இப்போது ஹர்லியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எடுக்கச் சொன்ன காட்சி ஒன்றுகூட இனி நடக்காது. மற்றவர்களுக்காவது உயிர் பிழைத்தால் போதும். இவருக்கு, விற்றுவிட்ட ஒரு படத்துக்குக் கதையே இல்லை.

அவர் செய்தது ரொம்ப எளிமையானது. கண் முன்னால் எது இருந்ததோ, அதை எடுத்தார்.

பனியை வெட்டிக் கப்பலுக்கு வழி செய்யும் ஆட்கள். அந்த வழி மறுபடி உறைந்துபோவது. இரவுக் காவல் இருந்தவர்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பது. நாய்கள், ஒவ்வொன்றுக்கும் தனி முகம். பாய்மரத்தின் உச்சியில் ஏறி, கீழே பொம்மை போலத் தெரியும் தோழர்கள். இருட்டறை வேலையும் சாதாரணமில்லை. பனியை உருக்கித்தான் தட்டுகளைக் கழுவத் தண்ணீர். அந்தக் குளிரில் விரல் நுனிகள் வெடித்துப் புண்ணாகும்.

மே மாதம் சூரியன் மறைந்தது. மாதக் கணக்கில் இருட்டு. ஆகஸ்ட் 27 இரவு ஹர்லி ஒரு காரியம் செய்தார. கப்பலைச் சுற்றிப் பனி மேடுகளுக்குப் பின்னால் சுமார் 20 இடங்களில் ஃப்ளாஷ் மருந்தை வைத்து வெடித்தார். அந்த வெளிச்சத்தில் கண் கூசி, எங்கே நடக்கிறோம் என்றே தெரியாமல் பள்ளத்தில் தடுமாறி விழுந்து எழுந்து எடுத்த படம்தான், இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் "பேய்க் கப்பல்" படம். கயிறெல்லாம் வெள்ளையாய் உறைந்து, கறுப்பு வானத்தின் முன்னால் எலும்புக்கூடு மாதிரி நிற்கும் எண்டியூரன்ஸ்.

திட்டம் நிறைவேறியிருந்தால் கப்பல் கரையில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிருக்கும். அந்தப் படம் இருந்திருக்காது!

குளிர்ந்த நீருக்குள் ஒரு குதியல்

அக்டோபர் 27 அன்று கப்பல் நொறுங்கத் தொடங்கியதும் எல்லோரும் பனியின் மேல் இறங்கினார்கள். பாய்மரங்கள் முறிந்து விழுவதைக்கூட ஹர்லி சினிமா கேமராவில் பிடித்தார். தன் வீடு இடிவதை ஒருவர் நின்று படம் எடுப்பது போல.

ஷாக்கிள்டன் உத்தரவு போட்டார். நடந்து கரை சேர வேண்டும், ஆளுக்கு இரண்டு பவுண்டு எடைதான் சொந்தச் சாமான். அவரே முன்மாதிரியாகத் தன் தங்க நாணயங்களைப் பனியில் போட்டார். பைபிளில்கூட சில தாள்களை மட்டும் கிழித்துக்கொண்டு மீதியை விட்டார். விதிவிலக்கு ஹஸ்ஸியின் பாஞ்சோ வாத்தியத்துக்கு. மனம் உடையாமல் இருக்க அது தேவை என்றார்.

நெகடிவ்கள்? கப்பலுக்குள், தண்ணீருக்கு அடியில். துத்தநாகத் தகடு வேய்ந்த பெட்டிகளில் இருந்தன.

நவம்பர் 2 அன்று ஹர்லி உடைந்த கப்பலுக்குத் திரும்பிப் போனார். மரச்சுவரை வெட்டினார். மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, பனிக்கூழ் மிதக்கும் தண்ணீருக்குள் முங்கிப் பெட்டிகளை எடுத்தார். ஈயம் பற்றவைத்து மூடியிருந்ததால் உள்ளே ஈரம் போகவில்லை.

உயிரைப் பணயம் வைத்து எடுத்தவற்றில் பெரும்பகுதியைத்தான் ஒரே வாரத்தில் உடைக்க வேண்டிவந்தது. கண்ணாடி கனமான பொருள். படகில் ஏற்றினால் உணவுக்கு இடம் குறையும்.

வணிகவியல் பாடத்தில் "மூழ்கிய செலவு" என்று ஒன்று வரும். போட்ட பணம் திரும்ப வராது, அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்பார்கள். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. ஹர்லிக்கு அது நிஜமாகவே மூழ்கிய செலவு. எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தோம் என்பதை வைத்து அவர் தேர்ந்தெடுத்திருந்தால் ஒன்றையும் விட்டிருக்க முடியாது. இனி எது பேசும் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது.

பெரிய கேமராக்களையும் விட்டுவிட்டார். கையில் மிஞ்சியது சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு சின்ன கோடாக் கேமராவும் மூன்று பிலிம் சுருளும். அடுத்த ஒன்பது மாதத்துக்கும் மேல் அவர் எடுத்தது மொத்தமே 38 படங்கள். நவம்பர் 21 அன்று கப்பல் முழுவதுமாக மூழ்கியது.

தீவில் ஒரு உயில்

பனி உடைந்து, மூன்று படகுகளில் தத்தளித்து, 1916 ஏப்ரல் 15 அன்று 28 பேரும் யானைத் தீவை அடைந்தார்கள். பெயர்தான் யானை. ஆள் நடமாட்டமே இல்லாத பாறை. அங்கிருந்து ஒரு படகில் ஐந்து பேரோடு 800 கடல் மைல் தாண்டி, தெற்கு ஜார்ஜியாவின் திமிங்கல வேட்டைத் தளத்துக்குப் போய் உதவி கொண்டுவருவது என்று ஷாக்கிள்டன் முடிவு செய்தார்.

போவதற்கு முன் ஹர்லியின் நாட்குறிப்பில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தான் திரும்பாவிட்டால் எல்லாப் படங்களுக்கும் ஹர்லியே பொறுப்பு. வருமானம் பழைய ஒப்பந்தப்படி பங்கிடப்பட வேண்டும். முதல் பொதுக்காட்சியிலிருந்து 18 மாதம் கழிந்தால் படங்கள் ஹர்லிக்கே சொந்தம்.

சாவு பக்கத்தில் நிற்கும்போது எழுதியது இது. உயிர் பிழைப்போமா என்று தெரியாது. ஆனால் ஒப்பந்தம் தெளிவாக இருக்க வேண்டும். பணம் போட்டவர்களை அவர் அங்கேயும் மறக்கவில்லை.

1916 ஏப்ரல் 24 அன்று படகு புறப்பட்டது. கரையில் 22 பேர் நின்றார்கள். ஹர்லி தன் சின்னக் கேமராவில் அந்தக் காட்சியை எடுத்தார். பிறகு கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளுக்கு அடியில் நான்கு மாதத்துக்கும் மேல் வாழ்ந்தார்கள். மூன்று முயற்சிகள் தோற்று, நாலாவது முறையில், சிலி நாட்டின் "யெல்சோ" என்ற சின்னக் கப்பலில், அதன் தலைவர் லூயிஸ் பார்டோவோடு ஷாக்கிள்டன் வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 30. இருபத்திரண்டு பேரும் உயிரோடு. (அண்டார்டிகாவின் மறுபக்கம் உணவு வைக்கப் போன குழுவில் மூன்று பேர் இறந்தார்கள். பலரும் சொல்லாமல் விட்டுவிடும் விஷயம் இது.)

இங்கேதான் சிக்கல்

ஹர்லி லண்டனுக்குப் படங்களோடு வந்தார். கணக்குப் பார்த்தால் முக்கியமான காட்சிகளே இல்லை. 16 நாள் படகுப் பயணத்துக்குப் படம் இல்லை. ஷாக்கிள்டன் தெற்கு ஜார்ஜியா மலைகளைக் கடந்ததற்குப் படம் இல்லை. சினிமாவுக்கு முடிவே இல்லை, மிருகங்களும் போதவில்லை. ஹர்லி 1917-இல் மறுபடி தெற்கு ஜார்ஜியாவுக்கே போய்ப் பென்குயினையும் சீலையும் எடுத்து வந்தார். 1919-இல் வந்த "சவுத்" படத்தைப் பார்த்தால், உயிர் போகும் கதை நடுவில் நின்று, கடைசியில் நிறைய நேரம் பென்குயின்கள் ஓடும். காரணம் இதுதான்.

இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் இன்னொன்று நடந்தது. 1916 ஏப்ரலில் எடுத்த அந்தப் புறப்பாட்டுப் படம் இருக்கிறதே, கரையில் நின்று கையசைக்கும் ஆட்கள். அதே படம் நெகடிவில் கைவைக்கப்பட்டு, "மீட்பு" என்ற தலைப்பில் வெளிவந்தது! வழியனுப்பக் கையசைத்தவர்கள், வரவேற்கக் கையசைப்பவர்களாக மாறினார்கள்.

மனிதர்கள் உண்மை, தீவு உண்மை, மீட்பும் உண்மைதான். படம் மட்டும் பொய்.

யோசித்தால் இழப்பு பெரிது. திரும்பி வருவார்களா என்று தெரியாமல் ஆறு பேரை அனுப்பிவிட்டு நிற்கும் கணம் அது. அதை அழித்து, முடிவு தெரிந்த ஒரு சாதாரண மகிழ்ச்சிக் காட்சியாக ஆக்கிவிட்டார்கள்.

போர்க்களத்தில் அதே பழக்கம்

1917 ஆகஸ்டில் ஹர்லி ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஆனார். அனுப்பிய இடம் பெல்ஜியத்தின் ஈப்ரே முனை. அங்கேயும் பழைய பிரச்சினை. போர் பரந்து விரிந்து நடக்கிறது. ஆட்கள் ஒரு பக்கம், குண்டு வெடிப்பது வேறு பக்கம், விமானம் இன்னொரு நேரம். எல்லாம் ஒரே தட்டில் விழுவதில்லை. உண்மையான போர் படத்தில் வெறும் புகையாகத்தான் வந்தது.

பல நெகடிவ்களை ஒட்டி ஒரே படமாக்கினால் என்ன என்றார் ஹர்லி. போர் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த சார்லஸ் பீன் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவற்றைப் போலிகள் என்றே சொன்னார். ஹர்லி ராஜினாமா செய்வதாக மிரட்டினார். கடைசியில் சமரசமாகக் கண்காட்சிக்கு ஆறு ஒட்டுப்படங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 1918-இல் லண்டன் கிராஃப்டன் காட்சிக்கூடத்தில் 12 நெகடிவ்களை ஒட்டிச் செய்த போர்க்காட்சி சுவர் அளவுக்குப் பெரிதாக்கி வைக்கப்பட்டது. கூட்டம் அலைமோதியது.

ஹர்லி பக்கமும் நியாயம் இருக்கிறது. அன்றைய கேமராவால் முடியாததைக் காட்டத்தான் அவர் ஆசைப்பட்டார். வீரர்கள் பட்டது வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தார். பீன் பக்க நியாயமும் எளிமையானது. ஒரு படம் பொய் என்று தெரிந்தால், பக்கத்தில் இருக்கும் உண்மைப் படத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

யார் சொன்னது சரி? காலம் பதில் சொல்லிவிட்டது. 1917 அக்டோபர் 29 அன்று சாட்டோ காடு என்ற இடத்தில் ஹர்லி ஒரு படம் எடுத்தார். குண்டுகளால் மொட்டையான மரங்கள், சேற்றின் மேல் பலகைப் பாதை, அதில் சில வீரர்கள். யாரும் யாரையும் சுடவில்லை. வீரதீரம் எதுவுமில்லை. முதல் உலகப் போர் என்றதும் புத்தகங்களில் வருவது பெரும்பாலும் இந்தப் படம்தான். அந்த 12 நெகடிவ் படமோ, போட்டோவை எப்படி மாற்றுவார்கள் என்பதற்கு உதாரணமாக வகுப்பறைகளில் காட்டப்படுகிறது.

வரவு செலவு

ஷாக்கிள்டன் 1919 டிசம்பர் முதல் லண்டன் பில்ஹார்மானிக் அரங்கில் தினம் இரண்டு காட்சி நின்று, ஹர்லியின் படங்களைத் திரையில் காட்டிப் பேசினார். கடன் அடைக்க வேண்டுமே. தன் தோல்வியைத் தானே தினமும் இரண்டு முறை பார்த்தார் என்றும் சொல்லலாம். 1922 ஜனவரி 5 அன்று தெற்கு ஜார்ஜியாவில் மாரடைப்பில் காலமானார். ஹர்லி 1962-இல் சிட்னியில் மறைந்தார்.

முதலீட்டாளர்கள் எதிர்பார்த்த வெற்றிப் படம் ஒன்றுகூட வரவில்லை. ஆனால் கப்பல் கரை சேர்ந்து கொடி நாட்டியிருந்தால், அந்தக் காலத்துப் பத்துப் பயணங்களில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். கெட்டுப்போன திட்டத்தின் நேர்மையான பதிவுதான் நூறு வருடம் தாண்டி நிற்கிறது. அதே மனிதன், படம் நினைத்தபடி வரவில்லையே என்று திருத்திய இடங்களில்தான் அவர் பெயரில் கறை.

இன்று நம் போன்களில் ஒரு தட்டில் அழிக்கலாம், இரண்டு தட்டில் வானத்தை மாற்றலாம், இல்லாத ஆளைச் சேர்க்கலாம். ஹர்லிக்கு உடைப்பதும் கஷ்டம், ஒட்டுவதும் கஷ்டம். இருந்தும் இரண்டையும் செய்தார். உடைத்ததில் அவருக்கு நஷ்டம் இல்லை, ஒட்டியதில்தான் நஷ்டம்.

2022 மார்ச் 5 அன்று வெட்டல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் எண்டியூரன்ஸ் கண்டுபிடிக்கப்பட்டது. பின்பக்கத்தில் கப்பலின் பெயர் அப்படியே தெரிந்தது. ஹர்லியின் படங்களில் பார்த்துப் பழகிய அதே கப்பல், 106 வருடம் கழித்து. அவர் உடைத்த அந்த 400 தட்டுகளின் கண்ணாடித் துண்டுகளும், பனி உருகிய ஏதோ ஒரு நாளில், அதே கடலின் அடியில்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அவற்றில் என்ன படம் இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. மிஞ்சிய 120-ஐ நம்ப முடிகிறது, அது போதும்.